எல்லாருக்கும் ‘2’ என்று எழுதினேன், எனக்கும்

புற்றுநோய்ப் பிரிவின் கீமோ அறையில் 11 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தபின், என் 41ஆம் வயதில் அதே அறையில் நோயாளியாகப் போய் உட்கார்ந்தேன். மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. மருந்துகளின் பெயர், அவை தரும் தொல்லைகள், எந்த நாளில் எது வரும், எது தானாக விலகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால், மற்றவர்களைவிட எளிதாகக் கடந்துவிடுவேன் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். உடம்பைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது. மனத்தைப் பொறுத்தவரை, அத்தனையும் தெரிந்திருந்தும் ஒன்றும் தெரியாதவளாகவே ஒன்றரை ஆண்டைக் கழித்தேன். சிகிச்சை முடிந்த பிறகும் 9 மாதங்கள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அதில் 6 மாதங்கள் சம்பளமில்லாத விடுப்பு. அது போக, இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு ‘மனவலிமை’ முகாமில் கொண்டுபோய்க் கொட்டினேன். இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதற்கு வேண்டிய தகவல்கள் எவையும் இரகசியமானவை அல்ல, சிலவற்றை என் கையாலேயே கோப்புகளில் வைத்திருக்கிறேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் வெப்பமானிப் படம் போட்ட ஒரு தாள் இருக்கும். அடியில் 0, உச்சியில் 10. இன்றைய நாளையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் மனம் எவ்வளவு வருந்தியது என்று நோயாளியே ஓர் எண்ணைச் சுட்டிக்காட்ட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால், பணக்கவலையா, குடும்பமா, தூக்கமின்மையா, அச்சமா என்று விசாரித்து உரியவரிடம் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் முதலில் பயன்படுத்தி 1998இல் வெளியிடப்பட்ட அளவுகோல் இது. ‘உனக்கு மனநோயா’ என்ற வாடையே அடிக்காமல், காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பதுபோல் கேட்டுவிட முடிவதுதான் இதன் பலம். ஆனால் காலையில் முப்பது பேர் காத்திருக்க, மூன்று செவிலியர்கள் இரத்த எண்ணிக்கையைப் பார்த்து, மருந்தின் அளவை இருவராகச் சரிபார்த்து, சுருங்கிப்போன கைகளில் நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாளுக்கு யாருக்கு நேரம்? எல்லாருக்கும் ‘2’ என்று நானே எழுதினேன். எல்லா இடத்திலும் 0 இருந்தால் தணிக்கைக்கு வருபவருக்குச் சந்தேகம் வரும்; 4 போட்டால் எனக்கு வேலை கூடும். ஆகவே 2. புற்றுநோயாளிகளிடம் நேர்காணல் மூலம் செய்யப்பட்ட 94 ஆய்வுகளைத் தொகுத்து ‘லான்செட் ஆங்காலஜி’ இதழ் 2011இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மனச்சோர்வோ, பதற்றமோ, நோயோடு ஒத்துப்போக முடியாத திணறலோ ஏதாவது ஒன்று ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குமேல் இருக்கிறது. நான் எழுதிய ‘2’களை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் பத்துப் பேரையாவது கேட்காமல் அனுப்பியிருக்கிறேன்.

நான் கல்நெஞ்சக்காரியாக அந்த வேலைக்கு வரவில்லை. எங்கள் அறையில் மரணம், மரணமாக வருவதில்லை. கீமோ நாள் வரும், ஆள் வரமாட்டார். மருந்து கலக்கும் அறையிலிருந்து தொலைபேசி அடிக்கும்: “சிஸ்டர், அவருக்கு மருந்து கலக்கலாமா? வந்துவிட்டாரா?” கலந்த மருந்து வீணாகக்கூடாது என்பதால் ஆள் வந்ததை உறுதிசெய்துகொண்டுதான் கலப்பார்கள். வீட்டு எண்ணுக்கு அழைத்தால், எடுப்பவரின் குரலிலேயே விடை இருக்கும். “கலக்க வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைப்போம். எட்டு மாதங்களாக வாரந்தோறும் பேசிப் பழகிய ஒருவருக்கான துக்கம், அந்த ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடும். ஒரே மாதத்தில் அப்படி ஏழு அழைப்புகள் வந்தன. ஏழாவதன்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்ததையும் அப்படியே விட்டுவிட்டேன். அதன் பிறகு நோயாளிகள் எனக்கு ‘3ஆம் நாற்காலி’, ‘7ஆம் நாற்காலி’ ஆனார்கள். அந்த ஆண்டில்தான், பிரிவிலேயே மிக வேகமாக வேலை செய்பவர் என்று என்னைப் பாராட்டினார்கள்.

இதற்குப் பெயர் உண்டு. ‘பர்ன் அவுட்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பணிச்சோர்வை அளக்க, கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட வினாத்தொகுப்பு மூன்று அடையாளங்களைப் பார்க்கிறது: உணர்ச்சி வறண்டுபோவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்யும் வேலையால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வொன்றில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்கு இந்தச் சோர்வு இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதைப் பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் வரையறுத்தது, நோய் என்று அல்ல. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏனெனில் பணியிடம் மாறாமல், பணியாளரை மட்டும் மூச்சுப்பயிற்சிக்கு அனுப்பி இதைச் சரிசெய்துவிட முடியாது. நோயாளியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் செவிலியரோ மருத்துவரோ உங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசினால், அது உங்கள் நோயின் நிலையைப் பற்றிய குறிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கல்முகத்தைப் பார்த்துத் தங்களுக்கு நாள் நெருங்கிவிட்டதாக எத்தனை பேர் பயந்தார்களோ, தெரியாது.

என் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையை, மருத்துவர் சொல்வதற்கு முந்தைய இரவே, பணியாளருக்குரிய அனுமதியைப் பயன்படுத்தி, வார்டு கணினியில் தனியாகத் திறந்து படித்தேன். இப்போது நோயாளிகளின் செல்பேசிக்கே அறிக்கை நேரடியாக வந்துவிடுகிற இடங்கள் பல உள்ளன. ஆகவே இது செவிலியருக்கு மட்டுமான சோதனை அல்ல. தயவுசெய்து தனியாகத் திறக்காதீர்கள். அறிக்கையில் நோயின் பெயர் இருக்கும், அடுத்து என்ன செய்வது என்பது இருக்காது. அந்த இடைவெளியை இரவு முழுவதும் நம் மனமே இட்டு நிரப்பும். அந்த வாரத்தின் நான்காம் இரவில், நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் வேலை மிச்சம் என்று ஓர் எண்ணம் மிக அமைதியாக வந்து போனது. என்னைப் பயமுறுத்தியது அதன் அமைதிதான். சுவீடனில் 60 இலட்சம் பேரின் பதிவேடுகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில்தான் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது என்கிறது. எண்ணிக்கையில் அப்படி நிகழ்வது அரிதே என்றாலும், எந்த வாரத்தில் ஒருவரைத் தனியாக விடக்கூடாது என்பதை இது தெளிவாகச் சொல்கிறது. அப்படி ஓர் எண்ணம் வந்தால் அன்றே, விடியும்வரை காத்திராமல், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரப் பிரிவுக்குப் போவதும் சரியான செயல்தான். உறவினர்கள் இதை நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. என்னிடம் கேட்டவர் என் கணவர். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று சுற்றிவளைக்காமல் கேட்டார். அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட மிகக் கடினமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் 21 நாட்களுக்கு ஒருமுறை நான்கு கீமோ, அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, பிறகு 15 நாள் கதிர்வீச்சு, அதைத் தொடர்ந்து, நோய் திரும்பாமலிருக்கத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை என்று திட்டம் போட்டார்கள். முதல் கீமோ முடிந்த இரவு, மணி இரண்டுக்கு நான் அலமாரியைக் காலிசெய்து, துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். மனம் துள்ளியது, தூக்கம் அறவே இல்லை. நான்காம் நாள் ஒரு காரணமும் இல்லாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். ஒவ்வொரு சுற்றிலும் இதுவே நடந்தபோது, எனக்குப் புத்தி பிசகுகிறது என்றே நினைத்தேன். வாந்தி வராமலிருக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு இப்படித் தூக்கத்தைக் கெடுத்து மனத்தை ஏற்றும், நிறுத்தியதும் இறக்கும் என்பதை நூறு பேருக்காவது நான் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. மூன்றாம் சுற்றில் மருத்துவரிடம் கேட்டு, அளவைக் குறைத்து, மாலையில் போட்டதைக் காலைக்கு மாற்றிய பிறகுதான் ஓரளவு தூங்கினேன். ஒரு குறிப்பேட்டில் கீமோ நாளை 1 என்று வைத்து, அன்றன்றைய மனநிலையை ஒரே வரியில் எழுதி வாருங்கள். இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு, எது மருந்தின் வேலை, எது நாட்களைப் பொருட்படுத்தாமல் தங்கியிருக்கும் துயரம் என்பது தானாகப் பிரிந்து தெரியும். மருத்துவருக்கும் அந்தக் குறிப்பேடு நம் கண்ணீரைவிட வேகமாகப் புரியும்.

அந்த நான்கு கீமோக்களில் ஒரு மருந்து டாக்ஸோரூபிசின். சிவப்பாக இருப்பதால் நோயாளிகள் அதைச் ‘சிவப்பு மருந்து’ என்பார்கள். ஏற்றியபின் ஓரிரு நாட்கள் சிறுநீரும் செந்நிறமாகப் போகும். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும் என்பதால், சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் அருகில் அமர்ந்து, சிரிஞ்சைத் தன் கையால் மெதுவாக அழுத்தி, இடையிடையே இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவார். அந்தச் சில நிமிடங்கள் இரண்டு பேரின் முகமும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும். எனக்கு அதை ஏற்றியவள் நான் பயிற்சி கொடுத்த பெண். அவள் விரல் லேசாக நடுங்கியது. “அக்கா, வலிக்கிறதா?” என்று மூன்று முறை கேட்டாள். நான் சிவப்பு நிறம் குழாயில் ஏறி என் புறங்கையை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே, “இல்லை, நீ நன்றாகச் செய்கிறாய்” என்று அவளைத் தேற்றினேன். முடித்ததும் வெப்பமானித் தாளை எடுத்தாள். என்னைப்போல அவள் ஏமாற்றுபவள் இல்லை, முறையாகவே கேட்டாள். அந்த வாரம் என் உண்மையான எண் 8. சுற்றிலும் என்னுடன் வேலை செய்பவர்கள் நின்றார்கள். “2 போடு” என்றேன்.

இதிலிருந்து நான் கற்றதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மருத்துவத் துறையில் வேலை செய்பவர் நோயுற்றால், உடம்புக்கான சிகிச்சையை வேண்டுமானால் தன் இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மனத்துக்கானதை வேறு இடத்தில், தன்னை யாரென்று அறியாதவரிடம் எடுத்துக்கொள்வது நல்லது. நாளை நம் பணி அட்டவணையைப் போடப்போகிறவர் முன்னால் 8 என்று சொல்ல நாக்கு எழாது. மற்றவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. பக்கத்தில் கணவரோ பிள்ளையோ இருக்கும்போது கேட்டால் பெரும்பாலானோர் பொய்தான் சொல்வார்கள். ஆகவே மருத்துவரிடம், “இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமலிருக்க, முதல் வாக்கியத்திலேயே எண்ணையும் கால அளவையும் அது தடுக்கும் வேலையையும் சொல்லிவிடுவது பலன் தரும்: “மூன்று வாரமாக 8இல் இருக்கிறேன், இரவில் இரண்டு மணி நேரம்தான் தூக்கம், மகளுடன் பேச முடியவில்லை.” ‘மனசு சரியில்லை, டாக்டர்’ என்று தொடங்கினால், ‘எல்லாம் சரியாகிவிடும், தைரியமாக இருங்கள்’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை 11 ஆண்டுகள் சொன்னவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், ‘தைரியமாக இருங்கள்’ என்பது ஆறுதல் போன்ற தோற்றத்தில், பேச்சை முடித்துக்கொள்ளும் வாக்கியம். அதைக் கேட்டபின் யாரும் எதையும் தொடர்ந்து சொன்னதில்லை.

மூன்றாம் சுற்றுக்குக் கிளம்பும் காலையிலேயே, மருந்து உடம்பில் ஏறுவதற்குப் பல மணி நேரம் முன்பே, குமட்டத் தொடங்கியது. நான்காம் சுற்றில் மருத்துவமனை வாசலிலேயே வாந்தி எடுத்தேன். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சின் வாசனைதான் காரணம் என்பது மெல்லப் புரிந்தது. கீமோவும் வாந்தியும் அந்த வாசனையும் சேர்ந்தே வந்ததால், வாசனை ஒன்றே போதும் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. இதை முன்கூட்டிய குமட்டல் என்பார்கள்; 50 வயதுக்குட்பட்டவர்களுக்கும், பதற்றம் மிகுந்தவர்களுக்கும், முதல் சுற்றுகளில் கடுமையாக வாந்தி எடுத்தவர்களுக்கும் கூடுதலாக வரும். வந்துவிட்டால் வழக்கமான வாந்தி மாத்திரைகள் அதிகம் கேட்பதில்லை. எனவே முதல் சுற்றிலேயே வாந்தியைக் கட்டுப்படுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம். ‘கீமோ என்றால் வாந்தி வரத்தானே செய்யும்’ என்று பொறுத்துக்கொள்ளாமல், முதல் இரவே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். நான் பொறுத்துக்கொண்டேன். பொறுமைசாலி என்ற பெயருக்காக என்றுதான் இப்போது தோன்றுகிறது. நோயாளி வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த வாசனையைத் தவிர்த்துக்கொள்ளலாம். எனக்கோ அதுதான் பிழைப்பின் வாசனை.

இந்தச் சமயத்தில்தான் அந்த முகாம். தெரிந்தவர் ஒருவர் சொல்லிப் போனேன். ஐந்து நாள். அடக்கி வைத்த கோபம்தான் கட்டியாகிறது, எண்ணத்தை மாற்றினால் நோய் திரும்பாது என்று மேடையில் இருந்தவர் சொன்னார். மருந்துகளோடு இத்தனை ஆண்டு வாழ்ந்தவள் எழுந்து வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பயந்திருப்பவருக்குக் காரணம் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அங்கிருந்து திரும்பிய பின், ஒவ்வொரு முறை மனம் சோரும்போதும், இந்தச் சோர்வாலேயே நோய் திரும்பப்போகிறது என்ற இரண்டாவது பயம் சேர்ந்துகொண்டது. பணத்தைவிடப் பெரிய நட்டம் அதுதான். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், மனநலம் நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. இதைப் பின்னர் ஒரு மனநல மருத்துவர் எனக்குச் சொன்னபோது, ஏமாற்றத்துக்குப் பதிலாகப் பெரிய விடுதலை உணர்வு வந்தது. அழுதால் செத்துவிட மாட்டேன் என்பதை ஒருவர் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டியிருந்தது. மனத்துக்குச் சிகிச்சை எடுப்பது ஆயுளை நீட்டிக்க அல்ல, இருக்கும் நாட்களை இருந்து பார்ப்பதற்காக.

கதிர்வீச்சு முடிந்த அன்று எல்லாரும் கைதட்டி வழியனுப்பினார்கள். மறுநாள் காலை எங்கும் போக வேண்டியதில்லை. எட்டு மாதமாக யாராவது என்னைத் தினமும் வாரமும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். இனி மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். வேறு யாரும் இதை எச்சரிக்காததால் நான் எச்சரிக்கிறேன்: பலருக்கு மனம் சரிவது சிகிச்சையின் நடுவில் அல்ல, முடிந்த பின்புதான். முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டது, தலை வலித்தால் மூளைக்குப் பரவிவிட்டது. வீட்டில் எல்லாரும் பழைய நான் திரும்பி வந்துவிட்டதாக நினைத்தார்கள். ஆறு வாரம் கட்டிலைவிட்டு எழவில்லை. அது கீமோவின் களைப்பு என்று நானும் சொல்லிக்கொண்டேன். களைப்பு, பசியின்மை, தூக்கக்கேடு மூன்றையும் நோயும் மருந்தும்கூடத் தரும் என்பதால், அவற்றை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு வேறு கேள்விகள் உண்டு. விருப்பமான ஒன்று கையருகே வந்தும் அதில் மனம் ஒட்டவில்லையா, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தோன்றுகிறதா, இனி எதுவும் மாறாது என்று உறுதியாகிவிட்டதா, இவை இரண்டு வாரமாக ஏறக்குறைய எல்லா நாளும் இருக்கின்றனவா? களைத்தவருக்கு ஆசை இருக்கும், உடம்பில் வலு இருக்காது. எனக்கு அந்த ஆசையே இல்லை. என் மகள் பள்ளியில் பரிசு வாங்கிய நாளில், அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்து, இதை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்தேன்.

அப்போதும் நேரான வழியில் போகவில்லை. அருகிலிருந்த பொது மருத்துவரிடம் போனேன். அவர் பரோக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். நான் டாமாக்சிஃபென் சாப்பிடுவதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மருந்தாளுநர் ஒருவர்தான் இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, “உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதைக் காட்டினீர்களா?” என்று கேட்டார். கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் டாமாக்சிஃபெனை அதன் முழு வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. பரோக்ஸெட்டினும் அதே வகையான ஃப்ளூவாக்ஸெட்டினும் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கின்றன. அதனால் டாமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு இவ்விரண்டையும் தவிர்க்கவே அறிவுறுத்துகிறார்கள். மனநல மருத்துவர் பிறகு எனக்கு அதைப் படிப்படியாகக் குறைத்து, வென்லாஃபாக்ஸின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்துக்கு மாற்றினார். டாமாக்சிஃபெனால் திடீர் திடீரென்று வந்த உடல்வெப்பமும் அதில் கொஞ்சம் தணிந்தது கூடுதல் நன்மை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது தனித் தொல்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள். மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் நாள் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாசனைக்கான சிகிச்சையை உளவியலாளர் ஒருவர் செய்தார். உடலைத் தளர்த்தும் பயிற்சியை முதலில் பழக்கி, பிறகு அஞ்சுவதைச் சிறிது சிறிதாகக் கிட்டே கொண்டுவரும் முறை அது. கீமோவின் முன்கூட்டிய குமட்டலுக்கு அது உதவுவதாக 1982லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது. படிகளை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். முதல் படி, பிரிக்காத ஸ்பிரிட் பஞ்சு உறையை மேசையின் மறுமுனையில் வைத்துப் பார்ப்பது. அதற்கே எனக்குக் கை வியர்த்தது. அடுத்து அதைக் கையில் வைத்துக்கொள்வது, அடுத்த அறையில் அவர் பிரிப்பது, நானே பிரிப்பது, என் தோலில் தடவுவது, விடுமுறை நாளில் யாருமில்லாத கீமோ அறை வாசலில் நிற்பது. ஒரு படியில் குமட்டினால் முந்தைய படிக்குத் திரும்பிவிடுவோம். எட்டு வாரம் ஆயிற்று. 9 மாதங்களில் இந்த எட்டு வாரத்தைக் கழித்துப் பாருங்கள்; மீதி முழுவதும், இதற்கொரு சிகிச்சை உண்டா என்று கேட்காமல் வீட்டில் இருந்த காலம்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைக் குழுவை மருத்துவர் பரிந்துரைத்தால், கைவிட்டுவிட்டார்கள் என்று அலறாதீர்கள். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தக் குழுவையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. மனத்தைப் பற்றிக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் பல இடங்களில் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

நான் திரும்பிய பிறகு, பிரிவில் மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் பணியாளர்கள் மட்டும் கூடுகிறோம். பாஸ்டனைச் சேர்ந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞருக்கு 40 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்தது. தன்னைக் கவனித்தவர்களின் சின்னச் சின்ன அன்புச் செயல்களே தாங்க முடியாததைத் தாங்க வைத்தன என்று அவர் எழுதினார். 1995இல் இறப்பதற்கு முன் அவர் தொடங்கிய அமைப்பின் பெயரால் இப்படிப்பட்ட கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. அங்கே நோயின் நிலையைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேசுவதில்லை. அந்த நோயாளியோடு இருந்தபோது நமக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும்தான் பேச வேண்டும். முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் மூத்த மருத்துவர், கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாட்களில் தான் வேண்டுமென்றே வார்டுக்கு மாடிப்படி வழியாக வருவதாகவும், லிஃப்டில் வந்தால் சீக்கிரம் வந்துவிடும் என்றும் சொன்னார். வெப்பமானித் தாளைப் பற்றி நானும் சொன்னேன். என்னைப்போல் எழுதியவர்கள் இன்னும் நால்வர் இருந்தார்கள். தாளை இப்போது நோயாளி கையில் கொடுத்து, காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பச் சொல்கிறோம். 4 அல்லது அதற்கு மேல் வந்த தாள்கள் தனித் தட்டில் போகின்றன. தட்டு தினமும் நிறைகிறது. பார்க்கும் உளவியலாளர் ஒருவர்தான் என்பதால், அவரும் களைத்துப்போவார் என்ற கவலை எனக்கு இருக்கிறது. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

மருந்து கலக்கும் அறையிலிருந்து வரும் அந்தத் தொலைபேசி அழைப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. பெயரை எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்து, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் வாசிக்கிறோம். அவரைப் பற்றி நினைவிருப்பதை யாராவது ஒரு வரி சொல்வார்கள். போன வெள்ளிக்கிழமை மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாமவரைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன்.